டெஸ்ஸின் முதுகும் வெள்ளைக் குதிரையின் வாலும்

டெஸ்,

ஆட்டுக்கறியும் பூசணிக்காயும் அடுப்பின்மேல் இருக்கின்றன, சூடாக்கிச் சாப்பிடு. வண்டிச் சாவியைத் தேடாதே. நான் கொண்டுபோகிறேன்.

நம் வெள்ளைக் குதிரையின் வாலடியில் கறுப்புக் கட்டியைப் பார்த்த அன்றே குதிரை டாக்டர் மார்கோவைக் கூப்பிட்டாய். உன் முதுகு மச்சமோ இந்தக் கரும்பு வெட்டு சீசன் முடிவதற்குள் அகன்று, ஓரம் கோணி, பழுப்பிலிருந்து கறுப்பாகிவிட்டது. கேட்டால், "அது டிராக்டர் கிரீஸ், விடு" என்கிறாய். நேற்று சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கிரீஸ் போகவில்லை, நீதான் கத்தினாய்.

அதனால் மார்கோவிடமே சொல்லிவிட்டேன். "வெள்ளைக் குதிரைக்கு இந்தக் கறுப்புக் கட்டி வருஷக்கணக்கா சும்மா கெடக்கும், நொலீன். மனுஷனுக்கு கேன்சரா இருந்தா அப்படிக் காத்துக்கிட்டு இருக்காது. குதிரையப் பாத்துட்டு நானே அவனக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். பண்டபெர்க் டவுனில் தோல் டாக்டரிடம் உனக்கு இன்று மதியத்துக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். முரண்டு பிடித்தால் குதிரை ஏற்றும் டிரெய்லரில் ஏற்றுவாராம்.

நல்ல சட்டை நாற்காலியில் இருக்கிறது.

நொலீன்

பி.கு.: வெட்டி எடுத்தால் தழும்பு விழும் என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாயே. அந்த முதுகை இத்தனை வருடமாகப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.