ஓடைக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள லெய்மோமி,

லாஸ் வேகாஸ் ஹோட்டல் வேலை பழகிவிட்டதா? இங்கே மோலோகாய் தீவில் எல்லாம் நலம். சேப்பங்கிழங்கு வயலில் தண்ணீர் நிற்கிறது.

நீ போன பிறகு இன்றுதான் காடு பார்க்க ஆறு பேர் வந்தார்கள். வழக்கம்போல் ஓடைக்கரையில் நின்று, உள்ளே வர அனுமதி கேட்டுப் பாடினேன். அக்கரையிலிருந்து 'வாருங்கள்' என்று பாட நீ இல்லை என்பது பாடி முடித்த பிறகுதான் உறைத்தது. பதில் வராமல் எப்படி உள்ளே போவது? எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"மச்சான், நான் புதருக்குள்ள ஒளிஞ்சு அக்கா குரல்ல பாடட்டா?" என்றான் வேன் ஓட்டும் உன் தம்பி.

"உன் குரலுக்குக் காட்டுப்பன்னிதான்டா வரும்!"

கடைசியில் நானே ஓடையைக் கடந்து, நீ நிற்கும் பாறையில் ஏறிப் பதில் பாடினேன். வந்தவர்கள் கைதட்டினார்கள். நான் நிற்கும் இடம் அங்கிருந்து அவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது. இன்று அது காலியாக இருந்தது.

உன்னை வரச்சொல்லி எழுதவில்லை. நாளையும் ஆட்கள் வருகிறார்கள். பாடி முடித்ததும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவேன்.

இப்படிக்கு,
இக்கரையில் நிற்பவன்