உனக்காக நான் காட்டிய நெஞ்சு

என் ரவிக்கு, சொன்ன பேச்சை ஒருநாளும் கேட்காத என் தம்பிக்கு,

நீ போன பிறகு உன்னோடு நான் பேசாத நாள் இல்லை. தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் வாய் தானாக அசையும். அக்காவுக்குக் கழன்றுவிட்டது என்று கடைப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் இத்தனை வருஷமாக உன்னிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் படித்தால் படிக்கட்டும்.

உன் அடையாள அட்டையில் இருந்த பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உன்னைப் பெண் பிள்ளை என்று பதிந்தார்கள், அப்படியே வளர்த்தார்கள். பதினேழு வயதில் முடியை வெட்டிக்கொண்டு வந்து, "இனிமே நான் ரவி" என்றாய். இந்தக் கோலத்தில் தோட்டத்து லயத்துக்குள் கால் வைக்காதே என்று அப்பா சொல்லிவிட்டார். கலஹாவிலிருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அப்பால் ஒரு முஸ்லிம் அம்மாவின் வீட்டில் அறை எடுத்தேன். நாமும் அவரை உம்மா என்றே கூப்பிட்டோம். தமிழர்களைக் குடிவைத்தால் பொலிசில் பதிய வேண்டிய காலம் அது. பதிவுக்காக உம்மா உன் அட்டையை வாங்கிப் பார்த்தார், பிறகு உன் முகத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து உன்னை "மகன்" என்றுதான் கூப்பிட்டார்.

டவுனில் குண்டு வெடித்த பிறகு பாலத்தடியில் இராணுவச் சோதனைச் சாவடி போட்டார்கள். பஸ்சிலிருந்து எல்லாரையும் இறக்கி, ஆண்களை ரோட்டோரம் ஒரு வரிசையிலும் பெண்களைத் துணி மறைப்புக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசையிலும் நிறுத்துவார்கள். நீ ஆண்கள் வரிசையில் நின்றாய். அட்டையைப் பார்த்த ஆமிக்காரன் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். மறைப்புக்குள் போகச் சொன்னார்கள். உள்ளே இருந்த பொலிஸ்காரி உன்னைக் கண்டதும் கத்தி வெளியே விரட்டினாள். இரண்டு வரிசைக்கும் நடுவில், போகிற வருகிற பஸ்செல்லாம் பார்க்க, மத்தியானம் வரை நின்றாய்.

"இனிமே பாலம் தாண்ட மாட்டேன் அக்கா" என்றாய். எதிலும் நிலையாக நிற்காத நீ அதில் மட்டும் நின்றுவிட்டாய். பெரியாஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

நெஞ்சை மறைக்க உனக்கு இறுக்கமான பொடிஸ் தைத்துக் கொடுத்தவள் நான்தான். இரட்டைத் துணி, பக்கத்தில் கொக்கி. நீ கேட்டபோதெல்லாம் கொக்கியை அரை அங்குலம் உள்ளே தள்ளித் தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு றேடியோ திருத்தும் கடைக்கு நிமிர்ந்து நடந்து போவாயே, அந்த நடையைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். என் தம்பிக்கு நான் எவ்வளவு நல்ல அக்கா என்று எனக்கு ஒரே தலைக்கனம்.

மழை தொடங்கியதும் உனக்குக் காய்ச்சல் வந்தது. இருமினால் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிவாய். டொக்டரிடம் போவோம் என்றேன்.

"சட்டையக் கழட்டச் சொல்லுவாங்க. நான் வரல."

"கழட்டச் சொல்லாமலே பாப்பாங்க, வா."

"கொழாய எங்க வைப்பாங்க? உன் தலையிலயா?"

நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. உன் அட்டையில் நீண்ட பின்னலோடு இருந்த படம், உன்னைவிட என்னைப் போலவே இருந்தது. "சரி, நானே போய்க் காட்டிட்டு வாறேன்" என்றேன். வேண்டாம் என்று நீயும் சொல்லவில்லை.

என் அட்டையைக் காட்டிப் பாலத்தைத் தாண்டினேன். ஆஸ்பத்திரியில் உன் அட்டையைக் காட்டினேன். உன் காய்ச்சலை, உன் இருமலை, உன் விலா வலியை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒன்று விடாமல் சொன்னேன். டொக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்தார். மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னார். நெஞ்சில் ஒன்றுமில்லை என்று துண்டுச் சீட்டில் எழுதி, காய்ச்சல் குளிசையும் பாணி மருந்தும் கொடுத்தார்.

"என்னா சொன்னாரு?" என்று கேட்டாய்.

"ஒன் நெஞ்சு நல்லா இருக்காம்" என்றேன்.

இரண்டு பேரும் அதை நம்பினோமே ரவி! அது யாருடைய நெஞ்சு என்பதை எப்படி மறந்தோம்? நீ நிம்மதியாகக் குளிசையைப் போட்டுக்கொண்டு படுத்தாய், நான் நிம்மதியாக வேலைக்குப் போனேன். நாலு நாள் அப்படியே போனது.

ஐந்தாம் நாள் காலையில் உம்மா வாசலில் நின்று சத்தம் போட்டார். "மகனுக்கு மூச்சு ஏறுது, என்னத்தப் பாத்துக்கொண்டு ஈக்கீங்க? ஆட்டோ ஒன்டு புடிங்க!" அந்த மூச்சோடும் நீ பொடிஸைக் கேட்டாய். வெளியே அது இல்லாமல் வர மாட்டேன் என்றாய். நான் கொக்கியை மாட்டிவிட்டேன். பாலத்தடியில் ஆமிக்காரன் உன் முகத்தை ஒரு தடவை பார்த்தான். அட்டை கேட்கவில்லை, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

உன்னைப் பெண்கள் வாட்டில் படுக்க வைத்தார்கள். இனிச் சொல்லப்போவதுதான் நீ அறியாதது. வாட்டில் இருந்த டொக்டர் அந்தப் பழைய துண்டைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஐந்து நாளைக்கு முன்னால் நெஞ்சு சுத்தமாக இருந்திருக்கிறதே. இவரைத்தானே காட்டினீர்கள்?"

நான் தலையை ஆட்டினேன்.

வேறொருத்தருடைய அட்டையைப் பாவித்த தமிழ்ப் பெண்ணை அந்த வருஷங்களில் எங்கே கொண்டுபோவார்கள் என்று எனக்குத் தெரியும். பயந்துவிட்டேன். உனக்குக் கொஞ்சம் சுகமானதும் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் வந்தபோது உன் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பார்களா? ஒரு நாளாவது கூட இருந்திருப்பாயா? யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்போது எவ்வளவோ மாறிவிட்டது. டொக்டர்மாரிடம் கடிதம் வாங்கி அட்டையில் பெயரையும் மாற்றலாம். உன்னைப் போன்ற பிள்ளைகளிடம் மரியாதையாகப் பேசுகிற டொக்டர்மாரும் இருக்கிறார்கள். ஆனால் பயம் போகவில்லையடா. நாவலப்பிட்டியிலிருந்து அருண் என்று ஒரு பிள்ளை என்னிடம் சட்டை தைக்க வருகிறான், அவனும் உன்னைப் போலத்தான். மீசை முளைக்க வேண்டுமென்று, யாரிடமும் கேட்காமல் தானாக ஏதோ ஊசி போட்டுக்கொள்கிறான். போன கிழமை முகமெல்லாம் வெளிறிப்போய் வந்து, "அன்ட்டி, ஒங்களுக்குத் தலை சுத்துதுன்னு சொல்லி ஒரு மருந்து வாங்கித் தாங்களேன்" என்றான்.

கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி அவனைத் திட்டினேன். பிறகு அவனை உட்காரவைத்து உன் கதையைச் சொன்னேன். டொக்டரிடம் தலையாட்டியதையும் சொன்னேன். "டொக்டர்கிட்ட நீங்களும் வருவீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

புதன்கிழமை போகிறோம். கதவடி வரை அவன் கையைப் பிடித்திருப்பேன், கூப்பிட்டால் உள்ளேயும் போவேன். டொக்டர் கேட்பதற்கு அவனே பதில் சொல்லட்டும். இனி எந்தப் பிள்ளைக்கும் பதிலாக நான் போக மாட்டேன், ரவி. கூடப் போவேன்.

நெஞ்சு நல்லா இருக்கு என்று உன்னிடம் பொய் சொன்ன
உன் அக்கா