ஒரு படி அதிகம்

உன் கீபோர்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. புள்ளி விசை மட்டும் அடையாளமே தெரியாமல் தேய்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் வழியில் ஒரு ஃபோல்டரிலிருந்து வெளியே, மேலே ஏற இரண்டு புள்ளி தட்ட வேண்டும். எத்தனை ஆயிரம் தட்டினாயோ. பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நடந்ததைக் கேள். நீ போனபின், குடும்ப ஆல்பத்தை எடுத்துத் தரச் சொல்லி உன் மனைவி உன் கம்ப்யூட்டரை என்னிடம் கொடுத்தார். படங்களுக்கு வெறும் எண்தான் பெயர். யார், எங்கே என்பதெல்லாம் உன் புரோகிராம் உருவாக்கிய பக்கங்களில், நீ எழுதிய வரிகளில் மட்டுமே உண்டு. படங்கள் இருந்த ஃபோல்டரோ ஆல்பத்துக்கு வெளியே கிடந்தது. உன் வழக்கமான ஒழுங்கீனம் என்று திட்டிக்கொண்டே அதை உள்ளே தள்ளி, பென்டிரைவில் ஏற்றினேன்.

இன்று காலை சேலையூரில் உன் வீட்டில் திறந்தால், எல்லாம் காலிக் கட்டங்கள். ஒன்றின் கீழே உன் வரி: "முடிச்சூர் ரோட்டில் இடுப்பளவு தண்ணி. குடையோடு மாமனார்." தண்ணியும் இல்லை, மாமனாரும் இல்லை. அத்தா நீ செய்துவைத்த ஆல்பத்தைப் பார்க்கவென்றே பொத்தேரி ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த உன் மகள் காலிக் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் அழிஞ்சிடுச்சாண்ணா?" என்றார் உன் மனைவி.

அந்தப் பக்கத்தை உருவாக்கிய கோடுக்குள் புகுந்து பார்த்தேன். ஒவ்வொரு படத்துக்கும் எழுதியிருந்த வழி, போக வேண்டியதைவிட ஒரு படி அதிகமாக மேலே ஏறி, ஆல்பத்துக்கே வெளியே போனது. அப்போதுதான், நீ ஆல்பம் செய்த நாட்களில் நாம் போட்ட சண்டை நினைவுக்கு வந்தது.

"மச்சான், பக்கத்துலேர்ந்து படத்துக்கு வழி கேட்டா, அந்தப் பக்கத்தையே ஃபோல்டர்னு நெனச்சுக்குது இந்த லாங்குவேஜ். அதுலேர்ந்தும் ஒரு வாட்டி வெளிய வரச் சொல்லுது" என்றாய்.

"உனக்குத்தான் எண்ணத் தெரியல" என்றேன் நான், தாம்பரம் டீக்கடையில், ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் எதிரில்.

"சரி வுடு. வழி மாறலன்னா வூட்டை மாத்திக்கறேன்" என்று எழுந்து போனாய். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. கோபத்தில் சொன்னாய் என்றே இருந்துவிட்டேன். நிஜமாகவே செய்திருக்கிறாய். தப்பான வழி எங்கே போய் நிற்குமோ அங்கேயே படங்களைக் கொண்டு வைத்துவிட்டாய். இன்ன காரணம் என்று ஒரு வரி எழுதி வைத்தால் என்ன குறைந்துபோயிருக்கும் உனக்கு?

ஃபோல்டரை மறுபடி வெளியே வைத்தேன். மாமனார் குடையோடு வந்தார். உன் மகள் சிரித்தாள், உடனே அழுதாள்.

"என்னண்ணா ஆச்சு?"

"என் தப்புதாம்மா."

வீட்டுக்கு வந்து அதே லாங்குவேஜில் நானே நாலு வரி புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்த்தேன். நீ சொன்னது சரி. அன்றைக்கே உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை. பிறகு எவ்வளவோ பேசினோம், இதை மட்டும் பேசவே இல்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன், கேட்க நீ இல்லை. நீ பேசாமல் இருந்த அந்த மூன்று நாள் எனக்குத் திரும்ப வேண்டும், மச்சான்.