வலது ஷூவுக்குள்

சின்னவளே,

மேசையில் வைத்தால் நீ பார்க்கமாட்டாய். அதனால் ஷூவுக்குள் வைத்திருக்கிறேன். உன் அப்பாவுக்கும் இப்படித்தான் வைப்பேன். அவர் எதை மறந்தாலும் ஷூவை மறந்து வெளியே போனதில்லை.

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. சாவி கதவிலேயே தொங்குகிறது. டாக்டர் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். பத்தேகாலுக்குக் கிளம்பு.

நேற்று சாப்பிடும்போது, "கவனம் நிக்கலன்னா அதுக்கும் ஒரு மாத்திரையா? உங்கப்பா இப்படியேதானே காலத்த ஓட்டினாரு?" என்று கேட்டுவிட்டேன். நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய்.

பிறகு யோசித்தேன். கூடம் முழுக்க அவர் பாதி பிரித்துப் போட்ட ரேடியோக்கள் கிடக்கும். பழுதுபார்க்கக் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். "இதோ, அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வேறொன்றைப் பிரிப்பார். சோம்பேறி என்று நான் அவரைத் திட்டுவேன். அவர் சிரிப்பார். கவனம் அப்படி ஓடுவதற்கு ஒரு பெயரும் வைத்தியமும் உண்டென்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மாத்திரையா, பேசிப் பழக்கும் சிகிச்சையா, இரண்டும் சேர்த்தா என்று நிதானமாகக் கேள். எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

அம்மா

மறந்துவிட்டேன்: அப்பா மாரடைப்பில் போனதை முதலிலேயே சொல்லிவிடு. மாத்திரை எழுதும் முன் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று: அப்பா இடது ஷூவையும் உதறிப் பார்ப்பார், திட்டைத் தவிர வேறேதாவது எழுதியிருப்பேனோ என்று. ஒருநாளும் எழுதியதில்லை. உனக்கு எழுதியிருக்கிறேன். உதறிப் பார்.