இன்றைக்கு அவளுக்கு லீவு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் தட்டு பாதியோடு திரும்பி வந்தது. பாதியாவது உள்ளே போயிற்றே என்று தேற்றிக்கொண்டேன். வேலை விட்டு வந்து பார்த்தால் குளியலறைத் தரை ஈரம். நாங்கள் இல்லாத நேரத்தில்தான் மகன் அறையை விட்டு வெளியே வருகிறான், குளிக்கிறான். ஈரத் தரையைப் பார்த்துத்தான் பிள்ளை நடமாடுகிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

விபத்தில் அவன் மேல் தவறில்லை என்று போலீஸே சொல்லிவிட்டது. ஆனால் வண்டியை ஓட்டியது அவன். பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் வீடு திரும்பவில்லை. அதற்கு யார் சமாதானம் சொல்வது?

வழக்கம்போல் இருட்டியதும் அவன் கதவுக்கு வெளியே உட்கார்ந்து சத்தமாகப் பிரார்த்தித்தேன். கடவுளும் பேசவில்லை, கதவும் பேசவில்லை.

மார்ச் 6, வியாழன்

டாக்டர் வீட்டுக்கே வந்தார். கதவோடு பேசிவிட்டுப் போனார். "கொஞ்சம் பொறுமையா இருங்கம்மா." பொறுமையா? மூன்று வேளையும் அதைத்தானே தின்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வந்தாள். "நீ கடவுளே கடவுளேன்னு உக்காந்திருந்தா கதவு தானா தொறந்துக்குமாடி?" வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தவளாயிற்றே.

இவர் சொல்லியிருக்க வேண்டிய பேச்சு அது. பஸ் ஓட்டுகிறவர். "பிரேக் சரியா இருந்தா கடவுள் எதுக்கு?" என்று கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கிண்டல் செய்தவர். விபத்துக்குப் பிறகு அதை மட்டும் சொல்வதில்லை.

மார்ச் 13, வியாழன்

தையல் கடையில் யாருடைய பேண்ட்டையோ குட்டையாக்கிக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. மகனின் எண்! விழுந்தடித்து எடுத்தால், கைபட்டு வந்த அழைப்பு. மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும். அதையே கேட்டுக்கொண்டு நின்றேன். யாரு என்று கேட்டாள் முதலாளியம்மா. "தப்பா வந்த கால்" என்றேன். பெற்ற பிள்ளை கூப்பிட்டதை இப்படிச் சொல்ல வேண்டியதாயிற்று.

மார்ச் 17, திங்கள்

பிரார்த்தித்தேன். ஒன்றுமில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இறந்த பையனின் அம்மா வந்தாள். அவளாகவே. கதவில் கைவைத்துக்கொண்டு, "உம்மேல எனக்குக் கோவம் இல்லப்பா. ஒரு தடவ முகத்தக் காட்டு" என்றாள்.

திறக்கவில்லை. ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

இதைவிட வேற என்னத்த அனுப்புவார் கடவுள்? அதையும் திருப்பி அனுப்பிட்டானே, பாவி. என்னால முடியல. இனிமே கேக்க மாட்டேன். யார்கிட்டயும் எதுவும் —

மார்ச் 19, புதன்

இருட்டியது. நான் எழுந்திருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். கூடத்தில், அவன் கதவுப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு இவர் தொண்டையைக் கனைப்பது கேட்டது.

"சார்," என்றார். டிப்போ மேலாளரிடம் பேசும் அதே குரல். "சார், அவளுக்கு இன்னிக்கு முடியல, லீவு. பதில் டியூட்டிக்கு நான் வந்திருக்கேன். இந்த ரூட்டு எனக்குப் பழக்கமில்ல."

சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் தலையணையைக் கடித்துக்கொண்டேன். நான் தினமும் சொல்வதை ஒப்பிக்கப் பார்த்தார். "வீட்டுல இருக்கறவங்களக் காப்பாத்து. வெளிய போனவங்களக் காப்பாத்து. அப்புறம்... அப்புறம் என்னமோ சொல்லுவாளே..."



"திரும்பி வராதவங்களையும் பாத்துக்கோ."

கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. கரகரத்த குரல். யாரென்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை.

"ம், அதான்," என்றார் இவர். "அதுக்கு அப்புறம்?"

கதவு திறக்கவில்லை. மிச்சத்தை அவன் உள்ளேயிருந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னான். இவர் வெளியே உட்கார்ந்து திருப்பிச் சொன்னார்.