பதினோராவது தாள்

12.3.88 சனி
வெயில். பங்குனி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் கிணற்றில் அடி தெரிகிறது. மண்ணெண்ணெய் அரைப் போத்தல். சீனி இல்லை.

மானிப்பாயில் இந்தியன் ஆமி வீடு வீடாகச் சோதனையாம். அடுத்தது எங்கடை கொக்குவில். அண்ணை வந்ததிலிருந்து அலுமாரிக்கு மேலிருக்கும் தகரப் பிஸ்கற் ரின்னையே பார்த்தார். உள்ளே எங்களைப் பெற்ற, காலமான ஐயாவின் தாள்கள், பதினொன்று. இலங்கைத் தேசிய கீதத்தைத் தமிழில் எழுதி, அடித்து, திரும்ப எழுதியவை. கொழும்புக்கு அனுப்பினார், பதிலில்லை.

"எரிச்சுப் போடு, தங்கச்சி. ஆமி கண்டா எந்த நாட்டுப் பாட்டு எண்டு கேப்பான். இயக்கப் பொடியள் கண்டா அதைவிட மோசம்."

"நான் எரிக்க மாட்டன்."

கோபம். தேத்தண்ணி குடிக்காமலே போனார். சீனி இல்லாததும் காரணமாயிருக்கலாம்.

13 ஞாயிறு
தாள்களை இன்றுதான் முழுதாக வாசித்தேன். ஐம்பது வயதில். வெட்கம்.

பத்துத் தாள் ஐயாவின் கையெழுத்து. எல்லாவற்றிலும் "எங்கள் நாடு". கடைசித் தாள் வேறு கை. குண்டு குண்டாக, பாலர் வகுப்பு எழுத்து. பியதாச மாஸ்டர். ஐயாவோடு படிப்பித்த சிங்களவர், இந்த வீட்டில் தங்கித் தமிழ் கற்றவர். "எங்கள்" முழுவதையும் "நம்" ஆக்கியிருக்கிறார். ஓரத்தில்: "எங்கள் என்றால் நான் வெளியே. நம் என்றால் நானும் உள்ளே."

இலக்கணப்படி அவர் சரி. நாங்கள் எதற்கும் எங்கடை எங்கடை என்றே கதைப்போம். ஐயாவுக்கும் அதே வாய்தான். ஒரு பாட்டம் அழுதேன்.

15 செவ்வாய்
காலை எட்டரை. வந்துவிட்டார்கள். மனம் கேளாமல் விடியவே வந்திருந்த அண்ணையும் இங்கே அகப்பட்டார். முற்றத்தில், கை உயர்த்தியபடி.

ரின்னைத் திறந்தார்கள். ஒருவன் தமிழ்நாட்டுக்காரன். நின்றபடியே வாசித்தான்.

"என்ன பாட்டு இது? எந்த நாட்டுக்கு?"

"எங்கடை நாட்டுக்கு." அதே வாய்ப் பழக்கம்.

அவன் முகம் மாறியது. "எங்க நாடுன்னா? தனி நாடா?"

"இல்லை. எல்லாருக்கும். நாங்கள் அப்பிடித்தான் கதைக்கிறது."

அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்கள்" இருந்த பத்துத் தாளையும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். அவர்களின் மேலதிகாரி பார்க்க வேண்டுமாம். மற்றதைப் பார்த்து, "இது ஏதோ சின்னப்புள்ள எழுத்து" என்று என் கையில் தந்தான். அண்ணையை விட்டார்கள்.

பின்னேரம். அண்ணைக்குத் தேத்தண்ணி, சீனியில்லாமல். முழுதும் குடித்தார். ஐயாவின் கையெழுத்து இனி இந்த வீட்டில் ஒரு வரியும் இல்லை. ரின்னுக்குள்ளே பியதாச மாஸ்டர் மட்டும்.