வியாழக்கிழமைத் தாள்

அன்புத் தங்கைக்கு,

நலம் என்று நீ எழுதினாலும் நான் நம்பப்போவதில்லை, அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. இந்தக் கடிதத்தையே மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று.

மருந்து வேன் டிரைவர் அண்ணன் மூலம் நீ அனுப்பியது கிடைத்தது. மருத்துவமனையின் நிலவறையில் நாற்பது நோயாளிகள், இரண்டே நர்சுகள், அதில் நீ ஒருத்தி. கடைசியில் உன் மகள், அந்த வாலு, பென்சிலால் எழுதியிருந்தாள்: "பெரியம்மா, ரேடியோல உன் குரல் கேட்டேன். சண்டையை நிறுத்த வேண்டாம்னு நீ ஏன் சொன்னே?"

ஆடிப்போய்விட்டேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு நீயே எடுத்துச் சொல்லடி. உலக நாடுகளின் சபை மண்டபத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது, அதற்குள்தான் பெரியம்மாவுக்கு மொழிபெயர்க்கும் வேலை. கீழே யார் பேசினாலும் அவராகவே மாறி, 'நான்' என்றுதான் நம் மொழியில் சொல்லவேண்டும். எங்கள் வேலையின் சட்டம் அது. அன்று பதினைந்து பேரில் பதினான்கு பேர் கை தூக்கினார்கள், போரை நிறுத்து, நோயாளிகள் வெளியேற வழி விடு என்று. ஆனால் பெரிய நாடுகள் ஐந்தில் ஒன்று முடியாது என்றால் போதும், மற்ற கைகளெல்லாம் வீண். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே! "நான் இதை எதிர்க்கிறேன்" என்றார் அந்த ஒருவர். நானும் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முடிந்ததும் எல்லோரும் வருத்தம் தெரிவித்துவிட்டு காபி குடிக்கப் போனார்கள். எங்கள் மேலாளர் அம்மா வந்து, இன்று ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை என்று பாராட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

ஏன் தடுமாறப்போகிறேன்? பேசப்போவதை எழுதிய தாளை எங்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். படித்ததைப் பற்றி வெளியில் மூச்சுவிடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்று நீங்கள் மூட்டைமுடிச்சோடு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தபோதே எனக்கு முடிவு தெரியும்.

இப்போது வரும் வியாழக்கிழமை மறுபடி வாக்கெடுப்பு. இந்தத் தடவை நிச்சயம் வழி பிறக்கும், எல்லோரும் சேர்ந்தே வருகிறோம், அதுவரை மகளைத் தனியாக அனுப்பமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். திரும்பும்போது வேன் காலிதான், பிள்ளையை ஏற்றிவிடம்மா என்று டிரைவர் அண்ணன் கெஞ்சியும் நீ மறுத்தாயாமே. உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? நோயாளிகளை விட்டு நீ வரமாட்டாய். வா என்று கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை.

நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை எல்லைச் சோதனைச் சாவடியில் என் கையாலேயே அண்ணனிடம் கொடுப்பேன். செவ்வாய்க்கிழமை வேன் உன் மருத்துவமனையில் அரை மணி நேரம்தான் நிற்கும். அது திரும்பி வரும்வரை நான் சாவடியிலேயே நிற்பேன். வியாழக்கிழமை ரேடியோவில் வேறு யாருடைய குரலாவது வரும்.

ஒன்று சொல்லவேண்டும். வியாழக்கிழமைக்கான தாள் இந்தத் தடவை சீக்கிரமே என் மேஜைக்கு வந்துவிட்டது. அதில் என்ன இருக்கிறது என்று நான் உனக்குச் சொல்லக்கூடாது. சொல்லவில்லை.

வாலுவுக்கு ஸ்வெட்டர் போட்டு, காதை மூடிக் கட்டி, செவ்வாய்க்கிழமையே வேனில் ஏற்றிவிடு. பெரியம்மாவின் குரலை அவள் நேரில் கேட்கட்டும். நீ நூறு வயது இருக்கவேண்டும், என் கண்ணே.

உன் அக்கா